புதன்கிழமை மாலைப் பாய்மரப் பந்தயத்தில் புதிதாக ஏறும் க்ரூவுக்கு என்ன வேலை?

சென்னையிலிருந்து சிட்னிக்கு அண்மையில் வேலை மாற்றலாகி வந்திருப்பதாகவும், அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் ரஷ்கட்டர்ஸ் பேயில் நிறுத்தியிருக்கும் தம் 34 அடிப் பாய்மரப் படகுக்குப் புதன்கிழமை மாலைகளில் க்ரூ, அதாவது படகில் வேலை செய்யும் ஆள், குறைகிறது என்று சொல்லி உங்களை அழைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பாய்மரப் படகில் ஏறியதே இல்லை, நீச்சல் ஓரளவு தெரியும், போனால் அவர்களுக்கு இடைஞ்சலாக இருப்பேனோ, எதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பவை உங்கள் கேள்விகள்.

தயங்காமல் போங்கள். உங்களை அழைப்பவருக்கு நீங்கள் அனுபவம் இல்லாதவர் என்பது தெரியும், தெரிந்தேதான் அழைக்கிறார். கிளப் பந்தயங்களில் பல ஆண்டுகளாக ஜிப் எனும் முன்பாயின் கயிற்றைப் பிடித்து வருகிறவன் என்ற முறையில் நான் கண்டது இதுதான்: புதியவரிடம் யாரும் அறிவை எதிர்பார்ப்பதில்லை. தன் உடல் எடையைச் சொன்ன இடத்தில் வைப்பதும், தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட ஒரே ஒரு கயிற்றை உரிய கணத்தில் விடுவதும் இழுப்பதும், அடுத்த வாரமும் தவறாமல் வந்து நிற்பதுமே அவரிடம் எதிர்பார்க்கப்படுகின்றன. இவற்றில் தேர்ந்தவரை எந்த ஸ்கிப்பரும் (படகுத் தலைவரும்) கைவிடுவதில்லை. பாய்மரக்கலை பற்றி நிறையப் படித்துவிட்டு வந்து, டாக் அடிக்கும், அதாவது முகப்பைக் காற்றின் ஊடே திருப்பிக் காற்றை மறுபக்கத்தில் வாங்கும் நேரத்தில் தவறான இடத்தில் உட்கார்ந்திருப்பவரால்தான் படகு பின்தங்குகிறது.

முதலில் இந்தப் பந்தயம் எப்படிப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நியூ சவுத் வேல்ஸில் அக்டோபர் முதல் ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னுக்கு நகர்த்தப்பட்டு, ஏப்ரல் முதல் ஞாயிறு வரை அப்படியே இருக்கும். டிசம்பரில் சூரியன் மறைய இரவு எட்டு மணி தாண்டிவிடும். அலுவலகம் முடிந்த பிறகும் இரண்டு மணி நேர வெளிச்சம் எஞ்சியிருப்பதால்தான் துறைமுகத்தைச் சுற்றியுள்ள கிளப்புகள் வார நாள் மாலைகளில் இந்தப் பந்தயங்களை நடத்த முடிகிறது. ரஷ்கட்டர்ஸ் பேயில் உள்ள க்ரூசிங் யாட் கிளப் ஆஃப் ஆஸ்திரேலியா 1944-இல் தொடங்கப்பட்டது. 1945 முதல் சிட்னி–ஹோபார்ட் பந்தயத்தை நடத்தும் கிளப்பும் அதுவே. ஆகவே உங்கள் படகுக்கு இரண்டு இடம் தள்ளி, 628 கடல்மைல் தொலைவுள்ள அந்தப் பந்தயத்துக்குப் போய்வந்த படகு ஒன்று கட்டப்பட்டிருக்கலாம். அதைப் பார்த்து மலைக்க வேண்டாம். மாலைப் பந்தயம் துறைமுகத்துக்குள்ளேயே, ஷார்க் ஐலண்டு, பிராட்லீஸ் ஹெட் போன்ற இடங்களை ஒட்டி ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுவது. வெவ்வேறு அளவுள்ள படகுகள் சேர்ந்து ஓடுவதால் ஒவ்வொன்றுக்கும் ஹேண்டிகேப், அதாவது வேக வேறுபாட்டை ஈடுகட்டும் நேரக் கணக்கு, உண்டு. படகு எவ்வளவு வேகமானது என்பதோடு, அண்மைக் காலத்தில் எப்படி ஓடியது என்பதையும் கணக்கில் எடுத்து அதைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள். சாதாரணப் படகும் ஒழுங்காக ஓடினால் பரிசு பெற இதனால் வாய்ப்பு இருக்கிறது.

படகு கவிழ்ந்துவிடுமோ என்ற அச்சம் உங்கள் கேள்வியின் உள்ளே இருப்பதாக எனக்குப் படுகிறது. சென்னையில் வளர்ந்த நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியதைப் போன்ற ஒற்றையாள் டிங்கிப் படகுகளைத்தான் நம்மில் பெரும்பாலோர் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறோம். அவை கவிழும், கவிழ்ந்ததை நிமிர்த்தி மீண்டும் ஓட்டுவது அந்த வகைப் பந்தயத்தில் சாதாரணம். நீங்கள் ஏறப்போவது கீல் உள்ள படகு. ஏறத்தாழ 5 டன் எடையுள்ள இத்தகைய படகில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கான எடை அடியில் தொங்கும் கீலில் இருக்கிறது. எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவுக்கு அந்த எடை படகை நிமிர்த்தப் பார்க்கும். முதல் முறை படகு 20 பாகை சாய்ந்து, காற்று போகும் பக்கத்து விளிம்பில் தண்ணீர் ஏறி ஓடும்போது வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் துறைமுகத்துக்குள் இருக்கும் சாதாரணக் காற்றில் அது ஆபத்தின் அறிகுறி அன்று.

இனி உங்கள் எடையைப் பற்றி. ஆறு பேர், ஆளுக்கு 75 கிலோ என்று வைத்தால் 450 கிலோ. படகின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அந்த எடை நடுக்கோட்டிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, காற்று வரும் பக்கத்து விளிம்பில் உட்கார்ந்தால் படகு நிமிர்கிறது. நிமிர்ந்தால் என்ன ஆதாயம் என்று கேட்பீர்கள். படகு அதிகமாகச் சாயும்போது பாயின் இழுவிசை படகின் நடுக்கோட்டை விட்டு வெளியே போய்விடுகிறது. அதனால் படகின் முகப்பு தானாகவே காற்றை நோக்கித் திரும்பத் துடிக்கிறது. அதைத் தடுக்கச் சுக்கான் பிடித்திருப்பவர் சுக்கானை எதிர்ப்பக்கம் திருப்பிவைத்தே ஓட்ட வேண்டியிருக்கும். திருப்பிவைத்த சுக்கான் தண்ணீரில் பிரேக் போலவே வேலை செய்கிறது. க்ரூ விளிம்பில் சரியாக உட்கார்ந்தால் சுக்கான் நேராகிறது, வேகம் கூடுகிறது. நீங்கள் வேறு எதையும் தொடாமல் இதை மட்டும் கவனமாகச் செய்தாலே உங்கள் வருகைக்குப் பலன் உண்டு.

உட்காருவதிலும் முறை இருக்கிறது. கால்களை வெளியே தொங்கவிட்டு, முகம் கடலை நோக்க, இடுப்பு விளிம்பைச் சுற்றிய காப்புக் கம்பிகளில் கீழ்க் கம்பிக்கு உள்ளே இருக்குமாறு உட்கார வேண்டும். மேல் கம்பிக்கு வெளியே மார்பைச் சாய்த்துக்கொள்ளலாம். பந்தய விதிகளில் 49-ஆம் விதி அனுமதிப்பது இதைத்தான். இதற்கு மேல் உடலை வெளியே தள்ளுவது குற்றம். ஒருவரோடொருவர் தோள் உரச, படகின் அகலமான பகுதியில் நெருங்கி உட்காருங்கள். ஓர் ஆள் முகப்பில், ஓர் ஆள் பின்புறத்தில் என்று சிதறி உட்கார்ந்தால் அலையில் படகு முன்னும் பின்னும் குதிக்கத் தொடங்கும். டாக் முடிந்ததும் மறுபக்க விளிம்புக்குப் போவதுதான் புதியவர்கள் பெரும்பாலும் தாமதிக்கும் இடம். படகு திரும்பி முடிந்தபின் எழுந்து போவதாக இருக்கக் கூடாது. முகப்பு காற்றைக் கடக்கும் கணத்திலேயே, பூமுக்கு (மெயின் எனும் பெரிய பாயின் அடியைத் தாங்கும் கிடைக்கம்பத்துக்கு) கீழே குனிந்து, ஒரு கை எப்போதும் எதையாவது பற்றியிருக்க, தாழ்வாக நகர்ந்து போக வேண்டும். எந்த வழியாகப் போவது, எந்தக் கைப்பிடியைப் பற்றுவது என்பதைக் கிளம்புவதற்கு முன்பே, கரையில் கட்டியிருக்கும் படகில் இரண்டு மூன்று முறை போய்வந்து பாருங்கள். அதைக் கண்டு எவரும் நகைக்க மாட்டார்கள். நல்ல ஸ்கிப்பர் அவரே செய்யச் சொல்வார்.

இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ உங்கள் கையில் ஜிப் ஷீட் வரும். அதாவது முன்பாயின் கீழ்மூலையிலிருந்து பின்னால் வின்ச்சுக்கு, அதாவது கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளைக்கு, வரும் கயிறு. பாயின் இரு பக்கத்துக்கும் ஒவ்வொன்று. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ஒரு டாக் நன்றாக அமைந்ததா இல்லையா என்பது பெரும்பாலும் இந்த இரு கயிறுகளைப் பிடிக்கும் கைகளில்தான் இருக்கிறது. காயம் படுவதும் இங்கேதான் அதிகம்.

வின்ச் உருளை எப்போதும் வலஞ்சுழியாகவே சுற்றும், ஆகவே கயிற்றையும் வலஞ்சுழியாகவே சுற்ற வேண்டும். இருபது நாட் (மணிக்கு இருபது கடல்மைல்) காற்றில் இந்த அளவுள்ள படகின் ஜிப் ஷீட்டில் ஏறும் இழுவை 200 கிலோவைத் தாண்டும். அதை நாம் ஒரு கையால் பிடித்திருக்க முடிவது உருளையின் மேல் மூன்று நான்கு சுற்று இருப்பதால் வரும் உராய்வினால். எனவே சுமை ஏறிய கயிற்றிலிருந்து ஒரு சுற்றை யோசிக்காமல் கழற்றக் கூடாது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. உருளையின் அருகே கை போகும்போது கட்டைவிரல் மேலே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கயிற்றைச் சிறிது தளர்த்தச் சொன்னால், ஒரு கை கயிற்றின் முனையைப் பற்றியிருக்க, மறு உள்ளங்கையை விரித்து உருளைமேல் உள்ள சுற்றுகளின் மீது அழுத்தி, உருளையைச் சுற்றி மெல்ல வழுக்கவிட வேண்டும். முழுதாக விடச் சொன்னால் கயிற்றை நேர் மேலே தூக்கிச் சுழற்றினால் எல்லாச் சுற்றும் ஒன்றாகக் கழன்று போகும். பக்கவாட்டில் இழுத்தால் சுற்றின் மேல் சுற்று ஏறிச் சிக்கிக்கொள்ளும். பந்தயத்தின் நடுவில் அதை விடுவிப்பது பெரும்பாடு.

டாக் இப்படி நடக்கும். ஸ்கிப்பர் "ரெடி அபௌட்" என்பார். உங்கள் கயிறு சிக்கலின்றிக் காலடியில் கிடக்கிறதா, நீங்கள் அதன்மேல் நிற்கவில்லையா என்று பார்த்துவிட்டு, தயாராக இருந்தால் மட்டும் "ரெடி" என்று உரக்கச் சொல்ல வேண்டும். தயாராக இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுவதே உதவி. இரண்டு விநாடி காத்திருப்பதால் போவது சில மீட்டர்தான். ஆறு நாட் வேகத்தில் படகு விநாடிக்கு மூன்று மீட்டர் போகிறது. சிக்கிய கயிற்றோடு திரும்பினால் போவது படகின் முழு வேகமும். பிறகு "டாக்கிங்" என்றதும் முகப்பு காற்றை நோக்கித் திரும்பத் தொடங்கும். இந்தக் கணத்தில் பழைய பக்கத்து ஷீட்டை வைத்திருப்பவரின் கண் பாயின் முன்விளிம்பில் இருக்க வேண்டும். சொல் கேட்டவுடன் விட்டுவிட்டால், இன்னும் இழுத்துக்கொண்டிருந்த பாய் வீணாகத் தளர்ந்து படகு திரும்புவதற்கு வேண்டிய வேகமே இல்லாமல் போகும். தாமதித்தால் காற்று பாயின் தவறான பக்கத்தில் பட்டு, முகப்பை வேகமாக அடுத்த பக்கம் தள்ளிப் படகையே நிறுத்திவிடும். முன்விளிம்பு படபடத்து, பாயின் முன்பாதி உள்வாங்கும் அந்த அரை விநாடியில் விடுவதுதான் சரி. ஊர்த் தேரில் வடம் இழுப்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் போடும் நேரத்தில்தான் தேர் திரும்புகிறது அல்லவா, அதே போன்ற வேலை இது.

மறுபக்கத்தில் இருப்பவர் உருளையில் இரண்டு சுற்று மட்டும் போட்டு, கைமாற்றிக் கைமாற்றி, முழு நீளக் கைவீச்சாக இழுக்க வேண்டும். பாயின் கீழ்மூலை பாய்மரத்தைக் கடந்து பின்னால் வந்து சேரும்வரை கயிற்றில் சுமை இருக்காது. அந்த இரண்டு மூன்று விநாடிக்குள் எவ்வளவு கயிறு உள்ளே வருகிறதோ அவ்வளவும் லாபம். பாயில் காற்று நிறைந்த பிறகு அதே நீளத்தை வின்ச்சின் கைப்பிடியைச் சுற்றி அங்குலம் அங்குலமாகத்தான் எடுக்க முடியும். காற்று நிறைந்ததும் இன்னும் ஒரு சுற்று, இரண்டு சுற்று கூட்டிக் கைப்பிடியைப் போட்டுச் சுழற்றுங்கள். ஆனால் கடைசி ஒரு சாண் கயிற்றை உடனே எடுத்துவிடாதீர்கள். திரும்பிய படகு வேகம் இழந்திருக்கும். பாய் சற்றுத் தளர்வாக, வயிறு பெருத்து இருந்தால்தான் அது வேகம் பிடிக்கும். வேகம் வர வர, சுக்கான் பிடிப்பவர் சொல்லச் சொல்ல எடுக்க வேண்டும். ஜிப் பாயின் முன்விளிம்பை ஒட்டி இருபுறமும் சிறு கம்பளி நூல்கள் தொங்கும், டெல்டேல் என்பார்கள். இரண்டும் பின்னோக்கி நேராகப் பறந்தால் பாய் சரியாக இருக்கிறது. காற்று வரும் பக்கத்து நூல் துள்ளினால் இன்னும் இழுக்க வேண்டும். அடுத்த பக்கத்து நூல் துவண்டு சுழன்றால் தளர்த்த வேண்டும். விளிம்பில் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இந்த நூல்களையே பார்த்துப் பழகுங்கள்.

ஜைப் வேறு. படகின் பின்புறம் காற்றைக் கடப்பதால் பூம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு முழு வேகத்தில் வீசும். "ஜைப்" என்ற சொல் காதில் விழுந்தால் உங்கள் முதல் வேலை தலையைத் தாழ்த்துவது. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான். பூம் வீசும் பாதையிலும், அதன் ஷீட் ஓடும் தடத்திலும் நிற்காதீர்கள். மாலைப் பந்தயங்களின் பல பிரிவுகளில் ஸ்பின்னக்கர் கிடையாது, ஆகவே முதல் பருவத்தில் அந்தப் பெரிய பாயைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

தொடக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஐந்து நிமிடங்கள்தான் படகில் மிகவும் பதற்றமானவை. வழக்கமான முறையில், தொடக்கத்துக்கு ஐந்து நிமிடம் முன்பு பிரிவுக் கொடி ஏறும். நான்கு நிமிடம் இருக்கும்போது ஆயத்தக் கொடி, பெரும்பாலும் நீலத்தில் வெள்ளைச் சதுரம், ஏறும். ஒரு நிமிடம் இருக்கும்போது அது நீண்ட ஒலியோடு இறங்கும். பிரிவுக் கொடி இறங்கும் கணமே தொடக்கம். கொடிதான் கணக்கு, ஒலி கவனத்தைத் திருப்புவதற்கு மட்டுமே. வெள்ளையில் நீலச் சிலுவைக் கொடி ஒன்று ஏறினால், யாரோ கோட்டை முன்கூட்டியே தாண்டிவிட்டார்கள், திரும்பி வர வேண்டும் என்று பொருள். சில மாலைப் பந்தயங்களில் ஹேண்டிகேப்புக்கு ஏற்ப மெதுவான படகு முதலிலும் வேகமானது கடைசியிலும் கிளம்பும்; அப்படியென்றால் உங்கள் படகின் நேரம் எது என்பதை ஸ்கிப்பரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஐந்து நிமிடத்தில் கேள்வி கேட்காமல் இருப்பதே நீங்கள் செய்யக்கூடிய பேருதவி. ஓர் ஆள் நேரத்தைச் சொல்வார், முகப்பில் நிற்பவர் கோட்டுக்கு எவ்வளவு தூரம் என்று கைச்சைகை காட்டுவார், ஸ்கிப்பர் முடிவெடுப்பார். நான்காவது குரல் அங்கே தேவையில்லை. கேள்விகளைச் சேர்த்து வைத்து, நீண்ட நேரான ஓட்டத்தில் கேளுங்கள். அப்போது எல்லோரும் மகிழ்ச்சியாகவே சொல்லித் தருவார்கள்.

விதிப் புத்தகம் முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. உலகப் பாய்மர அமைப்பு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடும் விதிகளின் இப்போதைய பதிப்பு 2025–2028-க்கு உரியது. அதில் உங்களுக்கு மூன்று செய்தி போதும். எதிரெதிரான டாக்கில், அதாவது ஒன்றுக்குக் காற்று இடப்புறத்திலிருந்தும் மற்றதற்கு வலப்புறத்திலிருந்தும் வர, இரு படகுகள் சந்தித்தால், காற்று இடப்புறத்திலிருந்து வரும் படகு விலக வேண்டும், "ஸ்டார்போர்ட்!" (வலப்புறம்) என்று ஒருவர் உரக்கக் கத்தினால் இந்த உரிமையைத்தான் சொல்கிறார், உங்களைத் திட்டவில்லை. ஒரே டாக்கில் பக்கம் பக்கமாகப் போனால், காற்றுக்கு அருகே இருக்கும் படகு விலக வேண்டும். மிதவையைச் சுற்றும்போது, மூன்று படகு நீள வட்டத்துக்குள் நுழையும் நேரத்தில் உட்புறமாக ஒட்டி வரும் படகுக்கு வெளிப்படகு இடம் விட வேண்டும். இவை தெரிந்தால், படகு ஏன் திடீரென்று திரும்புகிறது என்பது உங்களுக்கு விளங்கும். விளங்கினால் முன்கூட்டியே தயாராவீர்கள். ஒரு விதியை மீறிவிட்டால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றியும், மிதவையைத் தொட்டுவிட்டால் ஒரு சுற்றுச் சுற்றியும் ஸ்கிப்பர் தண்டனையை நிறைவேற்றிக்கொள்வார். இந்த விளையாட்டில் பெரும்பாலும் நடுவர் பக்கத்தில் நிற்பதில்லை, தன் தவற்றைத் தானே ஏற்பதுதான் ஒழுங்கு. எனக்கு இந்த விளையாட்டின்மேல் இருக்கும் மதிப்புக்கு இது ஒரு பெரிய காரணம்.

விளிம்பில் உட்கார்ந்திருப்பவருக்குக் கண் என்ற ஒரு வேலையும் உண்டு. சுக்கான் பிடித்திருப்பவருக்கு ஜிப் பாய் மறைக்கும் பகுதி பெரியது; அந்தப் பக்கத்திலிருந்து படகு வருவதை நீங்கள்தான் முதலில் பார்ப்பீர்கள். பார்த்தால் "படகு, ஸ்டார்போர்டில், நான்கு நீளம்" என்று திசையும் தூரமும் சேர்த்துச் சொல்லுங்கள். வெறும் "பார், பார்" என்பது பயன்படாது. சிட்னித் துறைமுகத்தில் ஃபெர்ரிகள் இடைவிடாமல் போய்க்கொண்டிருக்கின்றன. செம்மஞ்சள் நிற வைரக் குறி காட்டும் ஃபெர்ரிக்குப் பாய்மரப் படகுகள் வழிவிட்டே ஆக வேண்டும். பந்தயத்தில் இருக்கிறோம் என்பது அங்கே செல்லாது. பழைய மேன்லி ஃபெர்ரிகள் 70 மீட்டர் நீளமுள்ளவை. அவற்றால் நமக்காக வளைந்து போக முடியாது. அவற்றின் அலை வந்து மோதப்போவதையும் முன்பே சொல்லிவிட்டால், முகப்பில் நிற்பவர் எதையாவது பற்றிக்கொள்வார்.

காற்று கூடுவதும் தண்ணீரில் தெரியும். வலுத்த காற்று தொட்ட இடத்தில் நீர்ப்பரப்பு கறுத்து, நெருக்கமான சிற்றலைகளோடு நம்மை நோக்கி நகர்ந்து வரும். அதைப் பார்த்து "காற்று வருது, மூன்று, இரண்டு, ஒன்று" என்று எண்ணிச் சொல்லப் பழகினால், மெயின் பாயின் ஷீட் பிடித்திருப்பவர் சரியான நேரத்தில் தளர்த்துவார், படகு சாயாமல் முன்னே பாயும். இதற்கு வலுவும் வேண்டாம், பல வருடப் பயிற்சியும் வேண்டாம். உற்றுப் பார்க்கும் பொறுமை போதும். சில வாரங்களிலேயே புதியவர்கள் இதில் பழையவர்களை மிஞ்சுவதைக் கண்டிருக்கிறேன்.

சென்னைக் கடற்காற்றை அறிந்த உங்களுக்குச் சிட்னியின் கோடைக் காற்று எளிதில் பிடிபடும். பகலில் நிலம் சூடேறிக் கடலின் குளிர்ந்த காற்றை உள்ளே இழுக்கிறது. இங்கே அது வடகிழக்கிலிருந்து வரும், பிற்பகலில் பதினைந்து, இருபது நாட் வரை ஏறும். வெயில் தாழ்ந்ததும் நிலம் குளிர, காற்று தளரும். இதனால் மாலைப் பந்தயம் பலமான காற்றில் தொடங்கி மந்தமான காற்றில் முடிவது வழக்கம், க்ரூவின் வேலையும் ஒரே மாலைக்குள் தலைகீழாகிவிடும். மந்தக் காற்றில் உங்களைக் காற்று போகும் பக்கம், தாழ்ந்த விளிம்பில் உட்காரச் சொல்வார்கள். படகு சற்றுச் சாய்ந்தால் பாய் தன் எடையாலேயே வடிவம் கொள்ளும், தண்ணீரில் நனையும் பரப்பும் குறையும். அப்போது அசைவே இருக்கக் கூடாது. ஒருவர் தடதடவென்று எழுந்து நடந்தால் பாயிலிருக்கும் கொஞ்சநஞ்சக் காற்றும் உதிர்ந்துவிடும். பாயிண்ட் பைப்பரின் மேட்டுக்குக் கீழும் பிராட்லீஸ் ஹெட்டின் மறைவிலும் காற்று செத்துக் கிடக்கும் இடங்கள் உண்டு. நீரோட்டமும் அப்போது பெரிதாகிவிடும். வற்றும் நேரத்தில் தண்ணீர் துறைமுக வாயிலான ஹெட்ஸை நோக்கி வெளியே ஓடும், மிதவையின் மேல் தண்ணீர் எந்தப் பக்கம் நெளிகிறது என்று பார்த்தால் தெரியும். காற்று முற்றிலும் விழுந்தால் கிளப் பாதையைச் சுருக்கிப் பந்தயத்தை முடித்துவைக்கும்.

அதற்கு எதிர்ப்புறமாக, தென்றிசைப் புயற்காற்று ஒன்று இருக்கிறது. சதர்லி பஸ்டர் என்பார்கள். மிகச் சூடான நாளின் முடிவில் திடீரென்று தெற்கிலிருந்து பாயும். சில நிமிடங்களில் வெப்பம் பத்துப் பாகைக்கு மேல் இறங்கிவிடலாம், வீச்சு 40 நாட்டைத் தாண்டுவதும் உண்டு. வானிலைத் துறை முன்கூட்டியே எச்சரிக்கை தரும். அன்றைய முன்னறிவிப்பை நீங்களும் பார்த்துவிட்டுப் போங்கள், ஸ்கிப்பரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். அவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதிலிருந்தே அவருடைய படகில் தொடர்ந்து போகலாமா என்பது தெரிந்துவிடும்.

பாதுகாப்பில் நாணம் வேண்டாம். நீச்சல் ஓரளவுதான் தெரியும் என்பதைப் படகில் ஏறுமுன் சொல்லுங்கள். உயிர்காப்பு அங்கி கேட்டு வாங்கி, வார்களை உடம்போடு இறுக்கிப் போட்டுக்கொண்டு முழு நேரமும் அணிந்திருங்கள். மற்றவர்கள் அணியாவிட்டாலும் நீங்கள் அணியலாம். தண்ணீர் பட்டதும் தானே ஊதிக்கொள்ளும் வகையா, கயிற்றை இழுத்தால் ஊதும் வகையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். யாராவது தண்ணீரில் விழுந்தால் உரக்கக் கத்துவதும், மிதப்பதை எறிவதும், ஒருவர் மட்டும் விழுந்தவரை நோக்கிக் கையை நீட்டிக் கண்ணை எடுக்காமல் நிற்பதும் நடக்க வேண்டும். கண்ணை எடுக்காமல் நிற்கும் வேலை பெரும்பாலும் புதியவருக்கே தரப்படும். அது சிறிய வேலை அன்று. மங்கும் வெளிச்சத்தில் அலைக்கு நடுவே ஒரு தலை மறைய ஒரு கணம் போதும்.

உடுப்பு பற்றிச் சுருக்கமாக: தளத்தில் கறை படுத்தாத வெளிர்நிற ரப்பர் அடிப்பாகமுள்ள முழு ஷூ (செருப்பு அல்ல), விரல்நுனி வெட்டிய கையுறை, கண்ணாடி போடுபவராக இருந்தால் அதற்கு ஒரு கயிறு, வெயில் தாழ்ந்ததும் குளிரும் என்பதால் காற்றுப் புகாத ஜாக்கெட், குடிநீர். ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும், காயாது. கைப்பேசியை நீர் புகாத உறைக்குள் போட்டுக் கீழறையில் வைத்துவிடுங்கள். கிளப் உறுப்பினர் அல்லாதவர் பந்தயத்தில் ஏறுவதற்கு ஆஸ்திரேலியன் செய்லிங் அமைப்பின் செயில்பாஸ் போன்ற தற்காலிகப் பதிவு தேவைப்படலாம். ஸ்கிப்பரிடம் கேட்டு முதல் நாளே முடித்துவிடுங்கள்.

கரைக்குத் திரும்பியதும் வேலை முடிந்துவிடாது. ஜிப் பாயை ஒருவர் முன்விளிம்பிலும் ஒருவர் பின்விளிம்பிலும் பிடித்து, விசிறி மடிப்பாக அடுக்கிச் சுருட்டிப் பையில் இட வேண்டும்; மெயின் பாய்க்கு உறை போட வேண்டும்; உப்பு போகத் தளத்தை நல்ல நீரால் கழுவ வேண்டும்; பாய் ஏற்றும் கயிறுகள் இரவெல்லாம் மரத்தில் அடித்துச் சத்தமிடாதபடி விலக்கிக் கட்ட வேண்டும். இவற்றில் முன்னால் நிற்கும் புதியவரை எல்லோரும் கவனிக்கிறார்கள். அதன்பின் கிளப்பில் எல்லோரும் சேர்ந்து உண்பார்கள். மது அருந்தாதவர் என்றால் அது யாருக்கும் பொருட்டில்லை, ஆனால் அங்கே உட்காருங்கள். எந்த டாக்கில் என்ன பிசகியது, ஏன் அந்தப் பக்கம் போனோம் என்பதெல்லாம் மேசையில்தான் பேசப்படும். ஒரு மாலையில் நீங்கள் கற்பதில் பாதி அங்கே கிடைக்கும்.

படகு, பாய், பழுது என எல்லாச் செலவையும் உரிமையாளரே ஏற்கிறார். க்ரூவிடம் அவர் கேட்பது வருகையை மட்டும். ஆறு பேர் வேண்டிய படகுக்கு நால்வர் வந்தால் அன்றைய பந்தயமே கெட்டுவிடும். வர முடியாத வாரத்தைத் திங்கட்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். அவர் வேறு ஆளைத் தேட நேரம் இருக்கும். புதன் பிற்பகல் நான்கு மணிக்குக் கூட்டம் நீண்டுவிட்டது என்று செய்தி அனுப்புகிறவர் எவ்வளவு திறமைசாலியானாலும் நாளடைவில் அழைக்கப்படுவதில்லை.

முதல் பருவத்தில் ஒரே வேலையில் நிலைத்திருங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. எல்லா இடத்திலும் ஒரு வாரம் நின்று பார்க்கலாம் என்று ஸ்கிப்பர் அன்போடு சொன்னாலும், ஜிப் ஷீட்டில் டிசம்பர் வரை இருக்க அனுமதி கேளுங்கள். கண்ணை மூடினாலும் கை போய்க் கயிற்றைப் பிடிக்கும் நிலை வந்த பிறகு, மரத்தடியில் பாய் ஏற்றி இறக்கும் கயிறுகளைக் கவனிக்கும் பிட் வேலையைக் கேளுங்கள். முகப்பு வேலையை அதற்கும் பிறகு. சுக்கானைக் கேட்காதீர்கள், அது பந்தயம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தானாகவே உங்களிடம் தரப்படும். இந்த வாரம் அவருக்கு அனுப்ப வேண்டிய செய்தியில் மூன்று விவரம் இருந்தால் போதும்: உங்கள் எடை, உங்கள் நீச்சல், எத்தனை மணிக்கு மரீனாவில் இருப்பீர்கள் என்பது. அவர் சொல்லும் நேரத்துக்கு அரை மணி முன்பே போய்விடுங்கள். வின்ச்சில் கயிறு சுற்றிப் பழக அந்த அரை மணி தேவைப்படும்.